ஆறு போட்ட பாதை

மிஷ்லான் வரைபடத்தில் பெரிய சாலைகள் சிவப்பு, அடுத்தவை மஞ்சள், கடைசியில் வருபவை வெள்ளை. சாலையின் ஓரத்தில் பச்சை தீட்டியிருந்தால் அந்த வழி கண்ணுக்கு நிறைவானது என்று பொருள். சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவர்கள் அந்தத் தாளை விரித்ததும் முதலில் நீலத்தைத் தேடுவார்கள். பிறகு, நீலத்தை விட்டு விலகாமல் கூடவே வரும் வெள்ளைக் கோட்டை. அது கிடைத்துவிட்டால் நாளைய வழி முடிவாகிவிட்டது. ஆற்றோரச் சாலை பெரும்பாலும் அதிகம் ஏறாது. வெள்ளைச் சாலையில் லாரி அபூர்வம்.

பிரான்சில் எல்லா வகையும் சேர்த்துப் பத்து லட்சம் கிலோமீட்டருக்கு மேல் சாலை இருக்கிறது. அதில் பெரும்பகுதி கிராமங்களுக்கும் பண்ணைகளுக்கும் போகிற சிறிய சாலைகள்தான். தென்மேற்கில் லோத் ஆற்றுப் பள்ளத்தாக்கில் காலை வெகுநேரம் ஒரு காரைக்கூடப் பார்க்காமல் மிதித்துக்கொண்டு போகும்போது, இவ்வளவு சாலையும் யாருக்காகப் போட்டது என்ற கேள்வி தானாக எழும். இந்தக் குறிப்புகள் அந்தக் கேள்வியைச் சுற்றியே வருகின்றன.

*

லோத், லோசேர் மலைப்பகுதியில் பிறந்து சுமார் 480 கிலோமீட்டர் ஓடி, எகுய்யோன் என்ற ஊருக்கு அருகில் கரோன் ஆற்றில் சேர்கிறது. சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தை அறுத்துக்கொண்டு பெரிய பெரிய வளைவுகளாகப் போகும் ஆறு. காஓர் நகரமே அப்படி ஒரு வளைவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. மூன்று பக்கமும் தண்ணீர்.

ஒரு வளைவு புரிந்துவிட்டால் எல்லா வளைவும் புரிந்துவிடும். வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக மோதிப் பாறையின் அடியை அரிக்கிறது. அங்கே செங்குத்தான வெண்சுவர் எழுந்து நிற்கிறது. உட்பக்கம் வேகம் தணிந்து, தூக்கிவந்த வண்டலைப் படியவிடுகிறது, அங்கே சமதரை. ஊர், தோட்டம், வால்நட் மரங்கள், ஒரு காலத்தில் புகையிலை உலர்த்திய உயரமான மரக்கொட்டகைகள் எல்லாம் உட்பக்கத்தில். வெளிப்பக்கத்தில் பாறையும் தண்ணீரும். அவற்றுக்கு நடுவே சாலைக்குக் கிடைத்த கொஞ்சம் இடம்.

சைக்கிளில் போகிறவருக்கு இது கண்ணால் தெரிவதற்கு முன்பே தோலில் தெரிந்துவிடும். வயல்வெளியில் வெயிலும் வெட்டிய புல்லின் மணமும். பாறையடிக்கு வந்ததும் முழங்கைவரை குளிர். கல்லின் ஈரமும் பாசியின் வாசனையும். மறுபடி வெயில். இந்த மாற்றம் நாள் முழுக்க நடக்கிறது. அடுத்து என்ன வரும் என்பது தெரிந்தே இருக்கிறது, ஆனாலும் சலிக்கவில்லை. எனக்கு இது வியப்பாகவே இருந்தது. புதியதைக் காட்டிக்கொண்டே இருந்தால்தான் மனம் விழித்திருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரே ஒழுங்கு திரும்பத் திரும்ப வரும்போது, அந்த ஒழுங்குக்குள் இருக்கும் சிறு வேறுபாடுகளை மனம் தானே எண்ண ஆரம்பிக்கிறது. இந்தப் பாறையில் அத்திச்செடி முளைத்திருக்கிறது, அந்தப் பாறையில் இல்லை. இந்த ஊரின் மணிக்கூண்டு சதுரம், அடுத்ததில் கூம்பு.

*

முதல் ஒரு மணிநேரம் தலைக்குள் ஊர்ப்பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். பதில் எழுதாத கடிதங்கள், கட்ட வேண்டிய பணம், யாரோ சொன்ன சொல். அதை அடக்க நான் முயல்வதில்லை. மிதிப்பதற்கு ஒரு சீர் வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு ஆள் குறைந்துவிடுகிறது. எப்போது நின்றது என்று கவனித்துச் சொல்ல முடியாது. தண்ணீரின் சத்தம் கேட்கிறது என்று உணரும்போது அது ஏற்கெனவே நின்றிருக்கிறது.

தண்ணீரின் சத்தம் என்றால் தடுப்பணைகளின் சத்தம். லோத் தானாக ஓடும் இடத்தில் மௌனமாகவே ஓடுகிறது. சாய்வாகக் கட்டிய பழைய கல்லணைகளில் வழியும்போது மட்டும் வாய் திறக்கிறது. வளைவுக்கு அந்தப்புறம் அணை இருப்பது கண்ணில் படுவதற்கு முன்பே காதுக்கு வந்துவிடும். நெருங்க நெருங்கச் சத்தம் வளர்ந்து, தாண்டியதும் முதுகுப்பக்கம் தேய்ந்து, அடுத்த அமைதி தொடங்கும். அணைக்கு மேலே தண்ணீர் கண்ணாடி போல் நிற்கும். சாம்பல் நாரை ஒன்று அதில் தன் கால்களைப் பார்த்தபடி நிற்கும்.

ஒவ்வோர் அணைக்குப் பக்கத்திலும் கல்லால் கட்டிய ஒரு தொட்டியும், படகை மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் ஏற்றி இறக்கும் கதவுகளும், காவல்காரருக்கு ஒரு சிறு வீடும் உண்டு. பல வீடுகளில் சன்னல்கள் மூடியே இருக்கின்றன. இங்கே படகுகள் வந்தன என்பதற்கு இவை சாட்சி.

*

பூஸியேஸ் ஊருக்கு அருகில் பாறைச்சுவர் நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. கரை என்று ஒன்று இல்லை. மேலே போகும் படகுகளைக் கயிறு கட்டி இழுக்க ஆட்களுக்கும் மாடு குதிரைகளுக்கும் கரை வேண்டும். எனவே 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தச் சுவரைக் குடைந்து ஒரு பாதை போட்டார்கள். ஒரு பக்கம் பாறை, தலைக்கு மேலும் பாறை, மறுபக்கம் ஆறு. சில நூறு மீட்டர் தூரம் அப்படியே மலையின் விலாவுக்குள் நடப்பது போல் இருக்கிறது. இங்கே நான் ஏறி மிதிப்பதில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதே முறை. தரை மேடுபள்ளம், எதிரே நடந்து வருகிறவர்களும் உண்டு. அதோடு, நடந்தவர்களின் பாதையில் நடப்பதுதான் சரி என்றும் எனக்குத் தோன்றுகிறது.

சுவரில் ஓர் இடத்தில் டானியேல் மொன்னியே என்ற சிற்பி மீன்களையும் சிப்பிகளையும் நீர்ச்சுழிகளையும் கல்லிலேயே செதுக்கிவைத்திருக்கிறார். நம் காலத்து வேலை அது. பார்க்க வருகிறவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அழகான வேலைதான். ஆனால் என் கண் பக்கத்தில் இருக்கும் வெறும் சுவரில்தான் நிற்கிறது. வெட்டியவர்களின் உளித்தடங்கள் அதில் இருக்கின்றன. அவர்கள் பெயர் எங்கும் இல்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் படகோட்டம் பல நூற்றாண்டு நடந்தது. 17-ஆம் நூற்றாண்டில், பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர் காலத்தில், அணைகளும் படகுத் தொட்டிகளும் கட்டுவதில் அரசு இறங்கியது. காஓரின் கறுத்த திராட்சை மதுவும், பிறகு தெகாஸ்வில் சுரங்கத்தின் நிலக்கரியும் தட்டையான படகுகளில் போர்தோ நோக்கிக் கீழே போயின. உப்பும் உலர்ந்த மீனும் மேலே வந்தன. கீழே போவது ஆற்றின் வேலை. மேலே வருவது தோளின் வேலை. நான் ஒரு கியரைக் குறைத்துக்கொண்டு ஏறும் அதே ஆற்றோரத்தில் பல டன் சுமையைத் தோளில் கயிறு மாட்டி இழுத்தார்கள். அதைச் செய்து முடித்த இடத்தில்தான் நான் ஓய்வெடுக்க வருகிறேன். இது என்னைக் குற்றவாளியாக உணரவைப்பதில்லை, ஆனால் குரலைத் தாழ்த்தவைக்கிறது.

*

கடலிலிருந்து அவ்வளவு தள்ளியுள்ள தெகாஸ்வில் பக்கத்தில் இன்றும் எஸ்தோஃபினாடோ என்று ஓர் உணவு. வடக்குக் கடல்களில் பிடித்துக் காற்றில் உலர்த்திய மீனைப் பல நாள் ஊறவைத்து, உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்து மசித்து, சுடச்சுட வால்நட் எண்ணெய் ஊற்றிப் பரிமாறுகிறார்கள். படகுக்காரர்கள் கொண்டுவந்து பழக்கிய உணவு என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. படகு நின்று போயிற்று, நாக்கு நிறுத்தவில்லை.

*

ரயில் வந்தது. காஓரிலிருந்து கப்தெனாக் வரை ஆற்றோரமாகவே தண்டவாளம் போட்டு 1886-இல் திறந்தார்கள். படகுக்கு ஒரு வாரம் பிடித்தது ரயிலுக்கு ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை. அதே ஆண்டுகளில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி காஓரின் திராட்சைத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. ஏற்றுவதற்கு மதுவும் இல்லாமல் போயிற்று. 1926-இல் அரசு இந்த ஆற்றை நீர்வழிகளின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. பிறகு ரயிலின் முறை. இன்று அந்தத் தண்டவாளத்தின் மேல் முட்புதர் ஏறிக் கிடக்கிறது. சாலையைத் துணைக்கு வைத்துக்கொண்டு பாலங்கள் மட்டும் நிற்கின்றன.

லோத் மாவட்டத்தில் 1851-இல் சுமார் 2,96,000 பேர் இருந்தார்கள். இன்று சுமார் 1,75,000. நூற்றெழுபது ஆண்டுக்கு முன்பு இருந்ததைவிட ஆள் குறைந்த நிலம் இது. போனவர்கள் போர்தோவுக்கும் பாரீசுக்கும் கடல் கடந்தும் போனார்கள். அவர்கள் நடந்த தடங்கள் பிறகு தார் பூசப்பட்டு, எண் கொடுக்கப்பட்டு, இன்றும் பராமரிக்கப்படுகின்றன. ஆள் குறைந்தது, பாதை குறையவில்லை. நமக்குக் கிடைக்கும் அமைதியின் காரணம் இதுதான். இயற்கையாக அமைந்தது என்று இதைச் சொல்வது பொய்யாகிவிடும்.

*

ஊர் நடுவே, பெரும்பாலும் தேவாலயத்துக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் இடையில், ஒரு கல் நிற்கும். 1914 முதல் 1918 வரை நடந்த போரில் இறந்தவர்களின் பெயர்கள். முப்பது வீடுகூட இல்லாத ஊரில் இருபது பெயரைப் படித்திருக்கிறேன். ஒரே குடும்பப் பெயர் இரண்டு முறை, மூன்று முறை வரும். அண்ணன் தம்பிகள். நான் ஒவ்வோர் ஊரிலும் இறங்கிப் படித்துவிட்டுத்தான் போகிறேன். வாய்விட்டுப் படிப்பேன். என் உச்சரிப்பு சரியில்லைதான். ஆனாலும் படிக்காமல் போகத் தோன்றவில்லை.

இடுகாடுகளுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் இன்னோர் உறவு உண்டு. கல்லறைப் பூச்செடிகளுக்கு ஊற்ற அநேகமாக எல்லா ஊர் இடுகாட்டிலும் குழாய் வைத்திருப்பார்கள். கடை மூடிய மதிய வேளையில் குப்பியை நிரப்ப அதுதான் வழி. குடிக்கத் தகாத நீர் என்றால் பலகை எழுதியிருக்கும். படித்துவிட்டுத் திறக்க வேண்டும். ஒரு முறை குழாயடியில் ஒரு முதிய பெண்மணி பூவாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். “பொன்ஷூர், மதாம்” என்றேன். தன் வாளியை நகர்த்தி எனக்கு இடம்விட்டு, “மேலே போகிறீர்களா, கீழேயா?” என்று கேட்டார். ஆற்றைத்தான் சொன்னார். “மேலே” என்றேன். “அப்படியானால் நிழல் இருக்கும்” என்றார். கிழக்கு மேற்கு தெரியாமலே நாள் முழுக்கப் போய்க்கொண்டிருந்த எனக்கு அந்தப் பள்ளத்தாக்கில் இருப்பது இரண்டே திசை என்பது அப்போது விளங்கியது.

*

செலே, லோத்தின் துணையாறு. பூஸியேஸ் பக்கத்தில்தான் வந்து சேர்கிறது. ஃபிஷாக் நகரத்தைத் தாண்டியதும் டி-41 என்ற சாலை அதன் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை வருகிறது. எனக்குத் தெரிந்த ஆற்றோரச் சாலைகளில் இதற்கு இணை வேறில்லை. லோத்தின் அகலமும் கம்பீரமும் இதற்குக் கிடையாது. பல இடங்களில் கல்லை எறிந்தால் அக்கரையில் விழும். எஸ்பான்யாக், ப்ராங்கு, மர்சியாக், கப்ரெரே என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் பாறைக்கும் தண்ணீருக்கும் இடையே கிடைத்த இடத்தில். நூறாண்டுப் போரின் காலத்தில் பாறைப்பொந்துகளின் வாயைச் சுவர் எழுப்பி அடைத்துக் காவலிடமாக்கினார்கள். அந்தச் சுவர்கள் இன்னும் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மர்சியாக் மடத்தின் தேவாலயம் பாதிக்குக் கூரையில்லை. தூண்களுக்கு நடுவே புல்.

கப்ரெரேயிலிருந்து ஒரு செங்குத்தான ஏற்றம் பெஷ் மெர்ல் குகைக்குப் போகிறது. 1922-இல் இரண்டு சிறுவர்கள் உள்ளே ஊர்ந்து போய் ஓவியங்களைக் கண்டார்கள். புள்ளிகள் இட்ட இரண்டு குதிரைகள், சுமார் 29,000 ஆண்டு பழையவை. வலப்பக்கக் குதிரையின் தலை இருக்கும் இடத்தில் பாறையின் விளிம்பே குதிரைத்தலை வடிவில் இருக்கிறது. வரைந்தவர் அதைக் கண்டுகொண்டு மற்றதை வரைந்திருக்கிறார். சுற்றிலும் உள்ளங்கையை வைத்து நிறம் ஊதிய கைத்தடங்கள். மூச்சுக்காற்றும் உடற்சூடும் ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் அனுமதி இல்லை.

வெளியே வந்து அந்த ஏற்றத்தை இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தேன். பாறை எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப வரைந்தவர்கள், ஆறு எப்படி வளைகிறதோ அதற்கேற்ப வீடு கட்டியவர்கள், சரிவு எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப மிதிப்பவர்கள் என்று ஒரு வரிசை மனதில் ஓடியது. இருப்பதோடு ஒத்துப்போவதைத் தோல்வி என்று நினைக்காத மனிதர்கள்.

*

பாரீசிலோ பந்தயத் திடலிலோ தேடினால் சைக்கிள் பயணத்தின் மூலவர் கிடைக்கமாட்டார். லுவார் ஆற்றின் மேற்பகுதிக்கு அருகில் உள்ள சேன்-எத்தியென் என்ற தொழில்நகரத்தில் வாழ்ந்தார் அவர். பெயர் பால் த வீவி. எழுதிய பெயர் வெலோசியோ. பட்டு வணிகத்தில் இருந்தவர் 1887-இல் சைக்கிள் கடை திறந்து ஒரு பத்திரிகையும் தொடங்கினார். சைக்கிளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கியர் வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். தூர் த ஃப்ரான்ஸ் பந்தயமோ 1937 வரை கியர் மாற்றியை அனுமதிக்கவில்லை. பலவானைக் கண்டுபிடிப்பது பந்தயம் நடத்தியவர்களின் நோக்கம். வெலோசியோவின் நோக்கம் வேறு. சாதாரண உடம்பு உள்ளவரும் மலை ஏறி அடுத்த பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும்.

புலால் உண்ணாதவர். பயணிகளுக்கு அவர் சொல்லிவைத்த நெறிகள் இன்றும் வாயிலிருந்து வாய்க்குப் போகின்றன. பசி வருமுன் சாப்பிடு, தாகம் வருமுன் குடி, சாப்பாடும் உறக்கமும் பிடிக்காத அளவுக்குக் களைத்துப்போகாதே, வழியில் மதுவும் மாமிசமும் புகையிலையும் வேண்டாம் என்ற வகையில் போகும். கடைசி நெறி, பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக மிதிக்காதே என்பது. முன்னவை எல்லாம் உடம்புக்கு. இது ஒன்று மட்டும் உள்ளத்துக்கு. இன்று கைப்பேசித் திரையில் வேகமும் தூரமும் ஏற்றமும் பதிந்து உடனே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிற காலத்தில், அந்த ஒன்றைக் கடைப்பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். வெலோசியோ 1930-இல் டிராம் மோதி இறந்தார்.

அவர் இறந்து ஆறு ஆண்டு கழித்து, 1936 ஜூனில், மக்கள் முன்னணி அரசு எல்லாத் தொழிலாளிக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் போட்டது. அந்தக் கோடையில் ஆலைகளிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும் வெளியே வந்தவர்கள் சைக்கிளில் கிளம்பினார்கள். கணவனும் மனைவியும் இருவர் மிதிக்கும் சைக்கிளில், பின்னால் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு. பல பேருக்குக் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் முறை. நான் போகும் வழியில் ஊராட்சிகள் நடத்தும் எளிய கூடாரத் திடல்கள் ஆற்றோரமாக வரும்போதெல்லாம் அந்தக் கோடையை நினைத்துக்கொள்வேன். ஓய்வும் யாரோ கேட்டுப் போராடி வாங்கிக்கொடுத்தது.

*

லுவார் வேறு மாதிரி. ஆயிரம் கிலோமீட்டர் நீளம், பிரான்சின் மிக நீண்ட ஆறு. அதன் கரையில் சுமார் 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் தடம் அமைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை போகும் ஐரோப்பியத் தடத்தின் ஒரு பகுதி அது. சுல்லியிலிருந்து ஷலோன் வரையான பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000-இல் உலக மரபிடமாக அறிவித்தது. கோட்டைகள், அரண்மனைகள், கோடையில் கூட்டம். அவற்றைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள்.

நான் எழுத விரும்புவது கரையைப் பற்றி. 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கித் தலைமுறை தலைமுறையாக உயர்த்திக்கொண்டே வந்த வெள்ளத்தடுப்புக் கரைகள் அவை. சைக்கிள் தடம் பல இடங்களில் அவற்றின் முதுகில் போகிறது. ஒரு பக்கம் ஆறும் மணல்திட்டுகளும். மறுபக்கம், ஆற்றைவிடத் தாழ்வாக, ஓட்டுக்கூரைகள். 1846, 1856, 1866 என்று மூன்று முறை கரை உடைந்தது. தண்ணீர் ஏறிய மட்டத்தை வீட்டுச்சுவரில் கோடு போட்டு ஆண்டைப் பொறித்திருக்கிறார்கள். சில கோடுகள் என் தலைக்கு மேலே. எவ்வளவு உயர்த்தினாலும் ஆறு இன்னொரு நாள் வரும் என்பதை அந்த வீட்டுக்காரர்கள் தினமும் படித்துக்கொண்டே உள்ளே போகிறார்கள்.

மேலே, லெ புய் நகரத்துக்கு அருகில், 1980-இல் வந்த வெள்ளத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள். அணை கட்டினால் தீரும் என்று சேர் த லா ஃபார் என்ற இடத்தைக் குறித்தார்கள். பள்ளத்தாக்கின் பல கிலோமீட்டர் மூழ்கியிருக்கும். 1989-இல் மக்கள் அந்த இடத்திலேயே குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். ஐந்து ஆண்டு அங்கிருந்து எழவில்லை. 1994-இல் அரசு அணையைக் கைவிட்டது. அதற்குப் பதிலாகக் கீழே பிரீவ்-ஷரான்சாக்கில் ஆற்றுக்குள் நெருக்கிக் கட்டியிருந்த தொழிற்சாலைகளை அகற்றி, ஆற்றுக்கு அதன் அகலத்தைத் திருப்பிக்கொடுத்தார்கள். லுவாரின் துணையாறான அலியேயில் சேன்-எத்தியென்-து-விகான் என்ற இடத்தில் இருந்த பழைய அணையை 1998-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள், சால்மன் மீன் முட்டையிட மேலே போகட்டும் என்று.

ஆகவே அமைதி இரண்டு வகை என்று குறித்துவைக்கிறேன். ஆட்கள் போய்விட்டதால் வந்தது ஒன்று, லோத்தில் இருப்பது. ஆட்கள் உட்கார்ந்து காத்தது இன்னொன்று. லுவாரின் தலைப்பகுதியில் இருப்பது. சைக்கிளில் போகிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். இரண்டுக்கும் நாம் கடன்பட்டிருக்கும் விதம் வேறு.

*

புறப்பட நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

மே கடைசி, ஜூன் முதல் பாதி, அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். லுவாரில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். கடலிலிருந்து கிளம்பி உள்நாடு நோக்கி வந்தால் அது முதுகில் இருக்கும். பலகை நட்ட பெருந்தடத்தைவிட, சிறிய துணையாறு நல்லது. செலே, அலியேயின் மேற்பகுதி, ஆந்த்ர் போன்றவை. ரொட்டியைப் பன்னிரண்டு மணிக்கு முன்பே வாங்கிவிடுங்கள். அதன்பின் இரண்டு மணிவரை, சில ஊர்களில் மாலைவரை, கதவு திறக்காது. வாரத்தில் ஒரு நாள் முழுக்கவே மூடியிருக்கும். ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் வண்டி ஒன்றரை மீட்டர் விலக வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். கிராமப்புறத்தில் பெரும்பாலோர் அதைவிட அதிகமாகவே விலகிப் போகிறார்கள். நன்றிக்கு ஒரு கையை உயர்த்துங்கள். எதிரில் வரும் யாருக்கும் பொன்ஷூர் சொல்லாமல் போகாதீர்கள், நாய்க்காரருக்கும் திராட்சை கவ்வாத்துக்காரருக்கும் குழாயடியில் நிற்பவருக்கும்.

கடைசியாக ஒன்று. கோடையில் லுவார் வற்றி நடுவே மணல்தீவுகள் எழும். கரையிலிருந்து பார்த்தால் காலியாக, கூடாரம் போடத் தகுந்ததாகத் தோன்றும். ஆலாக்களும் சிற்றாலாக்களும் அங்கேதான் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. வசந்தத்திலிருந்து கோடை நடுவரை பல தீவுகளில் கால்வைக்கத் தடை உண்டு. முட்டை கூழாங்கல்லின் நிறத்தில் இருக்கும், கவனமாக நடந்தாலும் தெரியாது. தயவுசெய்து கரையிலேயே நின்று பாருங்கள்.